அடைப்புக்குறி மாறினால் வழக்கும் மாறும்: சட்ட மேற்கோள்களில் பிறை அடைப்பும் பகர அடைப்பும்

இலங்கையின் லஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில் பிரிவி கவுன்சில் (லண்டனில் இருந்த, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றம்) வழங்கிய தீர்ப்பை ஒரு நூலில் (1964) 66 என்.எல்.ஆர். 73 என்றும், இன்னொரு நூலில் [1965] ஏ.சி. 172 என்றும் குறிப்பிட்டிருப்பார்கள். முதன்முறை பார்க்கும் மாணவர், இரண்டில் ஒன்றில் ஆண்டு பிழையாக அச்சாகிவிட்டது என்றே நினைப்பார். இரண்டும் சரியானவை. தீர்ப்பு வந்த ஆண்டு 1964. இலங்கையின் நியூ லா ரிப்போர்ட்ஸ் (என்.எல்.ஆர்.) என்ற தீர்ப்புத் திரட்டு, ஆண்டு மாறினாலும் அறுபடாமல் தொடர் எண்ணில் வெளிவந்தது. 66-ஆம் தொகுதி, 73-ஆம் பக்கம் என்று சொன்னாலே புத்தகத்தை எடுத்துவிடலாம். அங்கே ஆண்டு வாசகருக்குத் தரும் கூடுதல் தகவல் மட்டுமே என்பதால் அதைப் பிறை அடைப்புக்குள் இடுகிறோம். இங்கிலாந்தின் அப்பீல் கேசஸ் (ஏ.சி.) திரட்டுக்குத் தொடர் எண் கிடையாது. ஆண்டுதான் தொகுதியின் அடையாளம். அந்தத் தீர்ப்பு 1965-ஆம் ஆண்டுத் தொகுதியில் அச்சானதால், 1965 என்பதை எடுத்துவிட்டால் எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்றே தெரியாது. ஆகவே அது பகர அடைப்புக்குள் வருகிறது.

பிறை அடைப்பு என்பது வளைந்த குறி. பகர அடைப்பு என்பது நம் ‘ப’ எழுத்தைச் சாய்த்து வைத்தாற்போன்ற குறி, சதுர அடைப்பு என்றும் சொல்வார்கள். சட்டம் எழுதுகிறவர் இவற்றை அழகுக்காகவோ பழக்கத்துக்காகவோ மாற்றி மாற்றிப் போடக் கூடாது. ஆண்டு இல்லாமல் தொகுதியைக் கண்டுபிடிக்க முடியாது என்றால் பகர அடைப்பு, ஆண்டு இல்லாமலே கண்டுபிடிக்க முடியும் என்றால் பிறை அடைப்பு: ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் திரட்டுகளுக்கு இதுதான் அடிப்படை விதி.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் மனப்பாடம் செய்யத் தேவை இராது. இங்கிலாந்தின் லா ரிப்போர்ட்ஸ் வரிசை 1865-இல் தொடங்கியபோது தொகுதிகளுக்கு எண் இருந்தது. ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் வழக்கை (1868) எல்.ஆர். 3 எச்.எல். 330 என்று எழுதுவது அதனால்தான். 1891 முதல் எண்ணை விட்டுவிட்டு ஆண்டையே தொகுதியின் பெயராக்கினார்கள். ஒப்பந்தச் சட்டம் படிக்கிற எல்லோரும் முதலில் சந்திக்கும் கார்லில் வழக்கு [1893] 1 க்யூ.பி. 256 என்று ஆனது அதன் பிறகுதான். இங்கே வரும் 1 என்ற எண், 1893-ஆம் ஆண்டுக்குள் முதல் தொகுதி என்று மட்டுமே பொருள்படும். 1894-இலும் ஒரு முதல் தொகுதி உண்டு. எண் ஒன்று நிற்கிறது என்பதற்காக ஆண்டைப் பிறை அடைப்புக்குள் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இதற்கு மாறாக, ராமநாதபுரம் வழக்கு என்று பேர்பெற்ற மதுரை கலெக்டர் எதிர் முத்து ராமலிங்க சேதுபதி வழக்கு, மூர் என்பவர் தொகுத்த இந்திய மேல்முறையீடுகளின் பன்னிரண்டாம் தொகுதியில் இருக்கிறது. அந்த வரிசை முழுவதற்கும் பன்னிரண்டாம் தொகுதி ஒன்றே ஒன்றுதான். ஆகவே (1868) 12 எம்.ஐ.ஏ. 397.

ஒரே வழக்கில் இரண்டையும் பழகிப் பார்க்க விரும்புகிறவர், மலையகத் தமிழரின் வாக்குரிமை தொடர்பான கோடகன் பிள்ளை எதிர் முதநாயக்க வழக்கை எடுத்துக்கொள்ளலாம். (1953) 54 என்.எல்.ஆர். 433 என்பது ஒன்று, [1953] ஏ.சி. 514 என்பது மற்றொன்று. ஆண்டு ஒன்றாகவே இருந்தாலும் அது செய்யும் வேலை வேறு என்பதால் அடைப்பும் வேறு.

இனி இந்தியாவுக்கு வருவோம். குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் திரட்டான எஸ்.சி.ஆர். (சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ்) ஆங்கிலேய விதியைப் பின்பற்றிப் பகர அடைப்பு இடுகிறது. கேசவானந்த பாரதி வழக்கு அதில் [1973] துணைத் தொகுதி எஸ்.சி.ஆர். 1. நம் வழக்கறிஞர்கள் மிகுதியாகக் கையாளும் எஸ்.சி.சி. (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) என்ற தனியார் திரட்டிலோ அதே வழக்கு (1973) 4 எஸ்.சி.சி. 225. எஸ்.சி.சி.யின் தொகுதி எண்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. ஆண்டு இல்லாமல் நான்காம் தொகுதி என்று சொன்னால் எந்த நான்காம் தொகுதி என்று யாருக்கும் தெரியாது. ஆங்கிலேய விதிப்படி பார்த்தால் இங்கே பகர அடைப்பே பொருந்தும். ஆனாலும் பதிப்பாளர் பிறை அடைப்பையே தம் முறையாக வைத்திருக்கிறார். நீதிமன்றங்களும் அப்படியே எழுதுகின்றன. ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) திரட்டில் அடைப்பே கிடையாது: ஏ.கே. கோபாலன் எதிர் மதராஸ் மாநிலம் வழக்கு ஏ.ஐ.ஆர். 1950 எஸ்.சி. 27 என்று மட்டுமே வரும், ஏனெனில் அங்கே ஆண்டு திரட்டின் பெயரோடு சேர்ந்தே இருக்கிறது. மண்டல் வழக்கு எனப்படும் இந்திரா சாஹ்னி வழக்கில் ஆண்டு வெளியே நிற்க, துணைத் தொகுதியின் எண் அடைப்புக்குள் போய்விடுகிறது: 1992 துணைத் தொகுதி (3) எஸ்.சி.சி. 217. எனவே இந்தியத் திரட்டுகளுக்கு என் பரிந்துரை இதுதான்: விதியைக் கொண்டு திருத்தப் புறப்படாமல், அந்தந்தத் திரட்டு தன்னை எப்படிக் குறிப்பிடச் சொல்கிறதோ அப்படியே எழுதுங்கள். ‘நான் ஆங்கிலேய முறையில் எழுதுகிறேன்’ என்று எஸ்.சி.சி.க்குப் பகர அடைப்பு இட்டால், மென்பொருளில் தேடுகிறவருக்கும் நூலகத்தில் தேடுகிறவருக்கும் தொல்லைதான் மிஞ்சும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, தமிழ்க் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆதார் வழக்கின் தீர்ப்பு (2019) 1 எஸ்.சி.சி. 1 என்று இருப்பதைப் பார்த்து, ‘2019-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். தீர்ப்பு வழங்கப்பட்ட நாள் 2018 செப்டம்பர் 26. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 28 அன்று வந்த சபரிமலைத் தீர்ப்பும் (2019) 11 எஸ்.சி.சி. 1 என்றே அச்சாகியிருக்கிறது. எஸ்.சி.சி.யில் பிறை அடைப்புக்குள் இருப்பது தொகுதியின் ஆண்டு. தீர்ப்பின் தேதியைத் தீர்ப்பின் தலைப்பில் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

அமெரிக்க முறையில் ஆண்டு கடைசிக்குப் போய்விடும்: பிரவுன் எதிர் கல்வி வாரியம் வழக்கு 347 யு.எஸ். 483 (1954). நீதிமன்றத்தின் பெயரும் தேவைப்பட்டால் அதே பிறை அடைப்புக்குள் ஆண்டுக்கு முன்னால் வரும். பதிப்பகம் சாராத நடுநிலை மேற்கோள்களில் பிரிட்டன் பகர அடைப்பைக் காத்துக்கொண்டது: மில்லர் வழக்கு [2017] யு.கே.எஸ்.சி. 5. அந்தத் தீர்ப்பின் ஒரு குறிப்பிட்ட பத்தியைச் சுட்ட வேண்டுமானால் பத்தி எண்ணும் பகர அடைப்புக்குள்ளேயே, இறுதியில், [43] என்பதுபோல் வரும். இந்திய உச்ச நீதிமன்றம் 2023-இல் கொண்டுவந்த நடுநிலை மேற்கோளில் அடைப்பே இல்லை, ஆண்டு, ஐ.என்.எஸ்.சி. என்ற எழுத்துகள், வரிசை எண், அவ்வளவுதான். பத்தியைச் சுட்ட ‘பத்தி 43’ என்று எழுதுவதே நம் வழக்கம்.

சட்டப் பிரிவுகளை எழுதும்போது

திரட்டின் ஆண்டில் நேரும் பிழையால் வாசகர் ஒரு மணி நேரம் அலைவார். பிரிவு எண்ணில் நேரும் பிழையால் குற்றமே வேறாகிவிடும். செய்தித்தாள்களிலும் மனுக்களிலும் 498(ஏ) என்று எழுதுவதைப் பாருங்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-ஆம் பிரிவு, மணமான பெண்ணைக் குற்ற நோக்கத்தோடு கவர்ந்து செல்வது பற்றியதாக இருந்தது. அதற்கு உட்பிரிவுகளே கிடையாது. கணவரும் அவருடைய உறவினரும் இழைக்கும் கொடுமையைப் பற்றிய பிரிவு 1983-இல் புதிதாகச் செருகப்பட்டது, அது 498ஏ. அடைப்பு போட்டால், ‘498-ஆம் பிரிவின் ஏ என்ற கூறு’ என்று பொருள் வரும். அப்படி ஒன்று இல்லை. 304பி, 124ஏ ஆகியவற்றுக்கும் இதே நியாயம்.

செருகப்பட்ட எழுத்து எங்கே நிற்கிறது என்பதை வைத்தே, எது எதற்கு இடையில் செருகப்பட்டது என்று சொல்லிவிடலாம். அரசியலமைப்பில் கல்வி உரிமையைத் தரும் 21ஏ ஒரு முழு உறுப்பு. 21-க்கும் 22-க்கும் நடுவில் வந்தது, ஆகவே எழுத்துக்கு அடைப்பு இல்லை. பதவி உயர்வில் இடஒதுக்கீடு பற்றிய 16(4ஏ), 16-ஆம் உறுப்புக்குள் 4-ஆம் கூறுக்கும் 5-ஆம் கூறுக்கும் நடுவில் 1995-இல் வந்தது. ஆகவே எழுத்து அடைப்புக்குள், எண்ணோடு ஒட்டி நிற்கிறது. இதை 16(4)(ஏ) என்று பிரித்து எழுதினால் நான்காம் கூறுக்குள் ஒரு துணைக்கூறு இருப்பதாக ஆகிவிடும்.

தமிழ்நாட்டுக் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு 294(பி), 323, 506(ii) என்ற வரிசை மனப்பாடமாகவே இருக்கும். இதில் 294(பி) சரியானது. 294-ஆம் பிரிவில் ஏ, பி என்ற கூறுகள் அச்சிலேயே உள்ளன. 506-இலோ எண்ணிட்ட உட்பிரிவு எதுவும் இல்லை. இரண்டு பத்திகள் மட்டுமே இருந்தன, அவற்றில் இரண்டாவது பத்தி கொலை மிரட்டல் போன்ற கடுமையான மிரட்டலுக்கு ஏழாண்டு வரை தண்டனை தந்தது. ஆய்வுக் கட்டுரையில் எழுதுகிறவர் ‘பிரிவு 506, இரண்டாம் பகுதி’ என்று எழுதுவதே முறை. முதல் தகவல் அறிக்கையை அப்படியே மேற்கோள் காட்டும்போது மட்டும் 506(ii) என்றே விட்டுவிட வேண்டும்; அது ஆவணத்தில் உள்ள சொல், நாம் திருத்த உரிமை இல்லாதது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது: 351(2), 351(3) என்று சட்டமே எண் கொடுத்துவிட்டது.

தமிழில் எழுதுகிறவருக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்தும் இங்கே உண்டு. கூறுகளின் ஆங்கில எழுத்துகளைச் சிலர் ஒலிப்படி எழுதுவார்கள். சிலர் அ, ஆ, இ என்ற வரிசையில் பெயர்ப்பார்கள். அரசியலமைப்பில் பேச்சுரிமையைத் தரும் கூறு முதல் முறையில் 19(1)(ஏ). தொழில் செய்யும் உரிமை ஏழாவது கூறு என்பதால், இரண்டாம் முறையில் அது 19(1)(எ). ஒரு சிறு கோட்டில் பேச்சுரிமை தொழிலுரிமையாக மாறிவிடுகிறது. ஒரே கட்டுரையில் இரண்டு முறைகளையும் கலக்கவே கூடாது. எந்த முறையைக் கையாள்கிறோம் என்பதை முதல் அடிக்குறிப்பிலேயே சொல்லிவிடுவது வாசகருக்குச் செய்யும் உதவி. எண்ணுக்கும் அடைப்புக்கும் இடையே, ஓர் அடைப்புக்கும் அடுத்த அடைப்புக்கும் இடையே இடைவெளி விடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடைவெளி விட்டால் வரியின் ஓரத்தில் 19(1) நின்று, (ஏ) அடுத்த வரிக்குப் போய்விடும்.

வழக்கின் பெயரிலும் எண்ணிலும்

புட்டசாமி என்று மட்டும் எழுதினால் போதாது. அவர் பெயரில் புகழ்பெற்ற தீர்ப்புகள் இரண்டு இருக்கின்றன. அந்தரங்க உரிமை பற்றிய ஒன்பது நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு (2017) 10 எஸ்.சி.சி. 1, ஆதார் பற்றிய ஐந்து நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு நாம் மேலே பார்த்தது. எஸ்.சி.சி.யே பெயருக்குப் பக்கத்தில் பிறை அடைப்புக்குள் அந்தரங்கம், ஒன்பது நீதிபதிகள் என்றும், ஆதார், ஐந்து நீதிபதிகள் என்றும் பொருள்படக் குறித்து இரண்டையும் பிரிக்கிறது. சுருக்கப் பெயர் வைக்கும்போது நாமும் அதைப் பின்பற்றி (இனி ‘புட்டசாமி-அந்தரங்கம்’) என்று முதல் குறிப்பிலேயே அறிவித்துவிடலாம்.

வழக்கு எண்ணில் வரும் பிறை அடைப்பு இன்னும் முக்கியமானது. ரிட் மனு (சிவில்) எண் 494/2012 என்பதில் உள்ள ‘சிவில்’ என்ற சொல்லை விட்டுவிட்டால், அதே ஆண்டின் ரிட் மனு (கிரிமினல்) வரிசையிலும் ஒருவர் தேட வேண்டிவரும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2004 ஜூலை 24 முதல் இயங்குகிறது; அங்கே தாக்கலாகும் வழக்குகளின் எண்ணோடு (எம்.டி.) என்ற குறி சேர்ந்தே வரும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பை நம்பி, பாதை உரிமை பற்றிய ரிட் மனு ஒன்றைச் சென்னை முதன்மை அமர்வின் பதிவுகளில் தேடினேன். அந்த எண்ணில் கிடைத்தது யாரோ ஒருவருடைய ஓய்வூதிய வழக்கு. எண் தவறா, ஆண்டு தவறா என்று மாற்றி மாற்றிப் பார்த்துப் பிற்பகல் முழுவதும் போனது. அடிக்குறிப்பை எழுதியவர் (எம்.டி.) என்பதை விட்டிருந்தார், எண்ணும் ஆண்டும் சரியாகவே இருந்தன.

மேற்கோளுக்குள் நாம் செய்யும் மாற்றங்கள்

மேற்கோளுக்குள் வரும் பகர அடைப்புக்குப் பொருள் ஒன்றுதான்: இது மூலத்தில் இல்லை, மேற்கோள் காட்டுகிற நான் இட்டது. பிறை அடைப்புக்கு அந்தப் பொருள் கிடையாது. மேற்கோளுக்குள் பிறை அடைப்பு இருந்தால் அது மூல ஆசிரியர் இட்டது என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். ஆகவே நம் விளக்கச் சொல்லைப் பிறை அடைப்புக்குள் போடுவது, நீதிபதி சொல்லாததை நீதிபதியின் வாயில் வைப்பதற்குச் சமம். விட்டுவிட்ட பகுதியைக் காட்டும் புள்ளிகளையும் [...] என்று அடைப்புக்குள் இடுவதே பாதுகாப்பு, ஏனெனில் சாட்சியங்களில் மூலத்திலேயே புள்ளிகள் இருப்பதுண்டு.

தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி நிற்பதால் கூடுதல் கவனம் வேண்டும். ‘எனக்குப் பாத்தியப்பட்டது’ என்பதில் ‘எனக்கு’ யார் என்று தெளிவாக்க வேண்டுமானால், ‘[மனுதாரருக்குப்] பாத்தியப்பட்டது’ என்று முழுச் சொல்லையும் ஒற்றோடு சேர்த்து உள்ளே வைக்க வேண்டும். ‘[மனுதாரர்]உக்குப்’ என்றோ ‘[மனுதாரருக்கு]ப்’ என்றோ உடைத்தால் கண்ணுக்கும் உறுத்தும், படிக்கவும் தடுக்கும். சந்தி இன்னும் நுட்பமானது. மூலத்தில் ‘அந்தச் சொத்தை விற்றுவிட்டார்’ என்று இருக்கிறது. சொத்து என்பதைப் புன்செய் நிலம் என்று தெளிவாக்க விரும்புகிறோம். ‘அந்தச் [புன்செய் நிலத்தை]’ என்றால் இலக்கணப் பிழை. ‘அந்தப் [புன்செய் நிலத்தை]’ என்றால் அடைப்புக்கு வெளியே மூலத்தின் ஒரு மெய்யெழுத்தைச் சொல்லாமல் மாற்றியிருக்கிறோம். ‘[அந்தப் புன்செய் நிலத்தை] விற்றுவிட்டார்’ என்று எழுதினால் மாற்றம் முழுவதும் அடைப்புக்குள் அடங்கிவிடுகிறது.

சாட்சியத்தில் ‘அவன் என்னை அடித்தான்’ என்று இருந்தால் ‘[முதல் எதிரி] என்னை அடித்தான்’ என்று பெயரை மட்டும் தெளிவாக்கலாம். ‘அடித்தார்’ என்று வினையை மரியாதைப்படுத்தக் கூடாது. சாட்சி அந்த நபரை எப்படிப் பேசினார் என்பதும் சாட்சியத்தின் ஒரு பகுதி. மூலத்தில் உள்ள பிழையை அப்படியே காட்டுகிறோம் என்பதற்கு [மூலத்தில் உள்ளபடி] என்ற குறிப்பைப் பிழையான சொல்லுக்கு அடுத்து இட வேண்டும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர் சொல்ல எழுதப்பட்ட மனுவில் ஒவ்வோர் எழுத்துப் பிழைக்கும் இதை இடுவது மனிதத்தன்மை ஆகாது. பொருள் மயங்கும் இடத்தில் மட்டும் இட்டால் போதும். தடித்த எழுத்தில் நாம் அழுத்தம் கொடுத்திருந்தால், அதை மேற்கோளுக்கு வெளியே, மேற்கோள் குறிப்பின் இறுதியில், பிறை அடைப்புக்குள் (அழுத்தம் என்னுடையது) என்று சொல்லிவிட வேண்டும்.

சட்ட நூல்களின் மூல வாசகத்திலேயே பகர அடைப்பு வரும் இடம் ஒன்று உண்டு. அரசியலமைப்பின் முகப்புரையை அச்சு நூலில் பார்த்தால், ‘இறையாண்மை வாய்ந்த, சமதர்ம, சமயச்சார்பற்ற, மக்களாட்சிக் குடியரசு’ என்று பொருள்படும் தொடர் பகர அடைப்புக்குள் இருக்கும். தொடக்க அடைப்புக்கு முன்னால் ஒரு சிறு எண்ணும் நிற்கும். அடிக்குறிப்பில், 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவால் 3-1-1977 முதல் மாற்றப்பட்டது என்ற விவரம் இருக்கும். இது பதிப்பாசிரியர் காட்டும் திருத்த வரலாறு. சட்டத்தின் சொல் ஆகாது. திருத்தமே உங்கள் கட்டுரையின் பொருள் என்றால் அடைப்பையும் எண்ணையும் காத்து, அந்த அடிக்குறிப்பின் செய்தியை உங்கள் அடிக்குறிப்பில் தாருங்கள். மற்ற இடங்களில் அவற்றை நீக்கிவிட்டு, (திருத்தக் குறிகள் நீக்கப்பட்டன) என்று ஒரு தொடர் சேர்த்தால் போதும். எதுவும் சொல்லாமல் அப்படியே நகலெடுத்தால், அந்த அடைப்புகள் நீங்கள் இட்டவை என்று வாசகர் நினைப்பார்.

அடிக்குறிப்பு எண்ணும் தட்டச்சும்

அடிக்குறிப்பு எண் அடைப்புக்குள் இருக்கும் சொல்லுக்கு மட்டும் உரியது என்றால் மூடும் அடைப்புக்கு முன்னால் வரும். வாக்கியம் முழுவதற்கும் உரியது என்றால் அடைப்பையும் முற்றுப்புள்ளியையும் தாண்டி வரும். முழு வாக்கியமும் அடைப்புக்குள் இருந்தால் முற்றுப்புள்ளி உள்ளே. பாதி இருந்தால் வெளியே. முன்பு காட்டிய வழக்கை மறுபடி சுட்டும்போது (அடிக்குறிப்பு 4) என்று எழுதுகிறோம்; அந்த 4-ஐக் கையால் தட்டச்சு செய்யாமல் மென்பொருளின் குறுக்கு மேற்கோள் வசதியால் இடுங்கள். நடுவில் ஒரு குறிப்பைச் சேர்த்தால் கையால் இட்ட எண்கள் அனைத்தும் பொய்யாகிவிடும்.

வேர்ட் போன்ற மென்பொருளில் ஆங்கிலக் கூறுகளைத் தட்டச்சு செய்யும்போது, பிறை அடைப்புக்குள் சி என்ற ஆங்கில எழுத்தை இட்டவுடன் அது © என்ற பதிப்புரிமைச் சின்னமாகவும், ஆர் என்ற எழுத்து ® என்றும், இ என்ற எழுத்து € என்ற யூரோ நாணயக் குறியாகவும் தானாக மாறிவிடும். தானியங்கித் திருத்தப் பட்டியலில் இந்த மூன்றையும் எழுதத் தொடங்கும் முன்பே நீக்கிவிடுங்கள். எழுதி முடித்த பிறகு தேடல் பெட்டியில் அந்த மூன்று சின்னங்களையும் ஒவ்வொன்றாக இட்டுத் தேடிப் பாருங்கள்; அடுத்து திறக்கும் பகர அடைப்பைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் மூடும் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்; பின்பு பிறை அடைப்புக்கும் அதையே செய்யுங்கள். அறுபது அடிக்குறிப்புகள் உள்ள கட்டுரைக்கு இதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.